டானியல் பூவரும் மதுரையின் 37 பள்ளிகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரை தல்லாகுளத்தில் அமெரிக்கன் கல்லூரியின் நூலகத்துக்கு டானியல் பூவர் நினைவு நூலகம் என்று பெயர். அங்கே படித்த பலர், அமெரிக்க மிஷனரியான அவர்தான் கல்லூரியை நிறுவியவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. கல்லூரியின் வேர் 1842இல் திருமங்கலத்தில் வில்லியம் டிரேசி நடத்திய விடுதிப் பள்ளி. அதற்கு முந்தைய ஆண்டே பூவர் மதுரையை விட்டு யாழ்ப்பாணம் திரும்பிவிட்டார். மதுரையில் அவர் இருந்தது ஆறு ஆண்டுகளுக்குள்தான். அந்தச் சிறிய காலத்துக்குள் அவர் 37 பள்ளிகளைத் திறந்தார். குதிரையேறிப் போய் அவற்றைப் பார்த்தார். போகிற வழியில் கூட்டம் கூடினால் குதிரை மேலிருந்தபடியே பேசவும் செய்தார்.

அந்த 37இல் ஒன்றுகூட அதே இடத்தில், அதே பெயரில் இன்று நடக்கும் பள்ளியாக அறியப்படவில்லை. அதே மனிதர் யாழ்ப்பாணத்தில் 1816இல் தெல்லிப்பழையில் தொடங்கிய பள்ளியோ யூனியன் கல்லூரியாக இன்றும் நடக்கிறது. ஒரே ஆள், ஒரே மொழி பேசும் மக்கள், பெரும்பாலும் ஒரே முறை. விளைவு மட்டும் ஏன் இத்தனை வேறுபட்டது? இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். பணம், காலரா, சாதி என்று பல காரணங்கள் உண்டு. அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒன்று: யாழ்ப்பாணத்தில் பள்ளிக்குப் பின்னால் ஆசிரியரை உருவாக்கும் இடம் இருந்தது. மதுரையில் பள்ளிகள் முந்திவிட்டன, அந்த இடம் பிந்திவிட்டது.

மதுரைக்கு வருமுன்

பூவர் 1789 ஜூன் 27 அன்று அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து டான்வர்ஸில் பிறந்தவர். டார்ட்மத் கல்லூரியில் 1811இல் பட்டம் பெற்று, ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் 1814இல் படிப்பை முடித்தார். 1815 அக்டோபரில் மெய்க்ஸ், ரிச்சர்ட்ஸ், வாரன் முதலானோருடன் கப்பலேறி அடுத்த மார்ச்சில் இலங்கை வந்துசேர்ந்தார். அவர்களை அனுப்பியது, சுருக்கமாக அமெரிக்கன் போர்டு என்று சொல்லப்பட்ட மிஷன் சங்கம். தீவின் வடமுனையான யாழ்ப்பாணம் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை இரண்டிலும் கிடைத்தவை ஒல்லாந்தர் விட்டுப்போன, கூரையிழந்த பழைய தேவாலயக் கட்டடங்கள்.

தெல்லிப்பழையில் 1816 டிசம்பரில் இலவசப் பள்ளி தொடங்கியது. அங்கிருந்து அடுத்த ஏழு ஆண்டுகளில் ஒரு படிவரிசை உருவானது. அடியில் ஊர்ப் பள்ளிகள். பெரும்பாலும் உள்ளூர்ச் சைவ ஆசிரியர்களே அவற்றை நடத்தினார்கள். ஞாயிறன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆராதனைக்கு வருவதும் அவர்கள் பொறுப்பு. அதற்கு மேல், மிஷன் நிலையத்து வளவுக்குள் விடுதிப் பள்ளி. ஊர்ப் பள்ளிகளில் தேறிய பையன்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். அதற்கும் மேல், 1823இல் தொடங்கிய உயர்கல்வி நிலையமான வட்டுக்கோட்டைச் செமினரி. அதன் முதல் முதல்வர் பூவர். மதுரைக்குப் போகும்வரை, பன்னிரண்டு ஆண்டுகள் போல, அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்தது.

செமினரியில் தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம், வானியல் எல்லாம் நடந்தன. பூவருக்கு வானியலில் தனி ஈடுபாடு. 1829 மார்ச் மாதச் சந்திர கிரகணத்துக்கு அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் ஒரு நேரமும் அளவும் குறித்திருந்தது. செமினரியில் போட்ட கணக்கு வேறாக வந்தது. இரவில் ஊரே பார்த்துக்கொண்டிருக்க, செமினரிக் கணக்கு பொருந்தியது. மிஷன் எழுத்துகளில் இந்த நிகழ்ச்சி சமயத்தின் வெற்றியாகவே விரித்துச் சொல்லப்படுகிறது. கல்வி வரலாறு எழுதுகிறவர் கவனிக்க வேண்டியது வேறொன்று: 1829இலேயே தமிழ்ப் பையன்கள் கிரகணக் கணக்குப் போடும் நிலைக்கு வந்திருந்தார்கள். ஆறே ஆண்டு வயதான ஒரு நிறுவனத்துக்கு இது சாதாரணமில்லை.

சமையலறைதான் பெரிய சிக்கல். பிள்ளையைப் படிக்க அனுப்பத் தயாரான பெற்றோர் அங்கே சாப்பிடவிடத் தயாராக இல்லை. தொடக்கத்தில் மிஷன் வளவுக்கு வெளியே தனிச் சமையற்கூடம் வைத்து, பெற்றோர் ஏற்கும் சாதியைச் சேர்ந்த சமையற்காரரை அமர்த்தித்தான் சமாளித்தார்கள். கொள்கையில் விட்டுக்கொடுத்ததாக இதை அப்போதே கண்டித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த விட்டுக்கொடுப்பு இல்லாமல் விடுதி நிரம்பியிருக்காது. விடுதி நிரம்பாமல் செமினரியும் இல்லை.

இந்தப் படிவரிசை பத்து ஆண்டுகள் ஓடிய பிறகு மேல்படியிலிருந்து இறங்கியவர்கள் கீழ்ப்படிக்கு ஆசிரியர்களானார்கள். யாழ்ப்பாணப் பள்ளிகள் பெருகியதன் இரகசியம் இந்தச் சுழற்சிதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக அறியப்படும் கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னாளில் கலித்தொகையை அச்சேற்றினார். தமிழ் படித்தவர்கள் அனைவரும் அந்தச் செமினரிக்கு ஏதோ ஒருவகையில் கடன்பட்டிருக்கிறோம்.

ஏன் மதுரை

இலங்கையில் ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில், 1820 முதல், புதிதாக அமெரிக்க மிஷனரிகள் வரத் தடை இருந்தது. அந்தத் தடை 1833இல் விலகியது. அதே ஆண்டு வந்த பட்டயச் சட்டம், இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிக்குள் வெளிநாட்டார் நுழைவதற்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தன. ஆள் வரலாம், கடலுக்கு அக்கரையிலுள்ள தமிழ்நாட்டுக்கும் போகலாம். 1834 தொடக்கத்தில் யாழ்ப்பாண மிஷனைச் சேர்ந்த ஸ்பால்டிங் வந்து இடம் பார்த்துப் போனார். ஜூலையில் வில்லியம் டாடும் ஹென்றி ஹொய்சிங்டனும் யாழ்ப்பாணத்துத் தமிழ் உதவியாளர்களோடு வந்து மதுரை மிஷனைத் தொடங்கினார்கள். பூவர் 1835–36இல் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. கூட இருந்தவர்களில் தமிழ் நன்றாகப் பேசக்கூடிய மூத்தவர் அவர்தான்.

அவர் வந்திறங்கிய மதுரை மாறிக்கொண்டிருந்த ஊர். 1834 முதல் பிளாக்பர்ன் கலெக்டர். நாயக்கர் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த நிலத்தைக் கொடுக்கும் ஏற்பாட்டில்தான் வெளிவீதியும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் உண்டாயின. சுவருக்குள் அடங்கியிருந்த ஊர் சுவரைத் தாண்டி விரிந்த பத்தாண்டுகள் அவை. புதிய தெருக்கள், புதுக் குடியேற்றம், கலெக்டர் அலுவலகமான கச்சேரியில் வேலைக்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர் தேவை. பள்ளி திறக்க நல்ல வேளை.

பூவர் வரும்போது மதுரையில் என்ன இருந்தது

மிஷன் வரலாறுகளை மட்டும் படிக்கிறவர்களுக்கு, பள்ளியே இல்லாத இடத்தில் பூவர் வந்து பள்ளி வைத்ததுபோலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை உடைக்க ஓர் ஆவணம் இருக்கிறது. 1822 ஜூன் 25 அன்று சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுவதும் இருந்த நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். மதுரைக் கலெக்டர் 1823 பிப்ரவரியில் பதில் அனுப்பினார். அதில் மாவட்டத்து மக்கள் தொகை 7,88,196. பள்ளிகள் 844. படித்த பையன்கள் 13,676. பெண்பிள்ளைகள் 105.

இதைக் கொஞ்சம் வகுத்துப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 934 பேருக்கு ஒரு பள்ளி. பள்ளிக்குச் சராசரி பதினாறு பிள்ளைகள். மக்கள் தொகையில் 57 பேருக்கு ஒருவர் பள்ளியில். ஆக, பள்ளிகள் எண்ணிக்கையில் நிறைய, அளவில் மிகச் சிறியவை. பதினாறு பிள்ளைகள் தரும் சம்பளத்திலும் தானியத்திலும் ஓர் அண்ணாவி, அதாவது திண்ணைப் பள்ளி ஆசிரியர், குடும்பம் நடத்தவேண்டும். பெண்பிள்ளைகள் 105 பேரும் பெரும்பாலும் கோயில் ஆட்டத்துக்கு வளர்க்கப்பட்டவர்கள் என்று கலெக்டரே எழுதினார். மற்ற வீட்டுப் பெண்களுக்குப் பள்ளி இல்லை என்பதே அதன் பொருள்.

சாதிவாரியான கணக்கும் அதே அறிக்கையில் உண்டு: பிராமணர் 1,186, வைசியர் 1,119, சூத்திரர் என்று குறிக்கப்பட்டோர் 7,247, பிற சாதியினர் 2,977, முஸ்லிம்கள் 1,147. பாதிக்கு மேற்பட்டவர்கள் உழவு, வாணிகம், கைத்தொழில் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இவர்களுக்குப் பள்ளியிலிருந்து என்ன வேண்டியிருந்தது என்பதைப் பாடத்திட்டமே காட்டுகிறது.

விஜயதசமியன்று பிள்ளையை உட்காரவைத்து, பரப்பிய நெல்லில் விரல் பிடித்து எழுத்துத் தொடங்குவார்கள். பிறகு தரையில் மணல் பரப்பி எழுத்து. கை படிந்த பிறகுதான் ஏடும் எழுத்தாணியும். ஓலையைப் பக்குவப்படுத்துவதே ஒரு வேலை: வேகவைத்து, உலர்த்தி, வழவழப்பாகத் தேய்த்து, ஒரே அளவாக நறுக்கித் துளையிட்டுக் கயிறு கோக்க வேண்டும். எழுத்தாணியால் கீறிய எழுத்து முதலில் கண்ணுக்குப் பிடிபடாது. விளக்குக் கரியோ இலைச்சாறோ தடவித் துடைத்தால் கீறலுக்குள் மை இறங்கி எழுத்து தெரியும். அழுத்தம் கூடினால் ஓலை கிழியும், குறைந்தால் மை பிடிக்காது. நல்ல கையெழுத்துக்கு மாதக்கணக்கில் பழக வேண்டும். அதனால் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்தே மெதுவாக நகர்ந்தன.

படிப்பு: அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு, எண்சுவடி. இதில் எண்சுவடிதான் பெற்றோர் கண் வைக்கிற இடம். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. மா இருபதில் ஒன்று. மாகாணி பதினாறில் ஒன்று. நிலவரி, குத்தகை, நெல் அளவு, வட்டி எல்லாம் இந்தக் கீழ்வாய்க் கணக்கில்தான் நடந்தன. பையன் பத்து வயதில் கடையில் உட்கார்ந்து பின்னக் கணக்கை மனத்தில் போட்டுவிட்டால், பள்ளி தன் வேலையைச் செய்துவிட்டது.

நிர்வாகத்துக்குச் சட்டாம்பிள்ளை. பெரிய பையன் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். இதையும் மணலில் எழுதுவதையும் சென்னையில் பார்த்துத்தான் ஆண்ட்ரூ பெல் இங்கிலாந்துக்கு மெட்ராஸ் முறை என்று கொண்டுபோனார். அமாவாசை, பௌர்ணமியையொட்டி விடுமுறை. அதையொட்டி அண்ணாவிக்கு வாவுக்காசு. நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டம் போட்டு வீடு வீடாகப் போய்ப் பெற்றுவருவது அவருக்கு ஆண்டு வருமானம். இந்தக் கட்டமைப்பு முழுவதும் ஊரின் பஞ்சாங்கத்தோடும் அறுவடையோடும் பின்னிக் கிடந்தது.

37 பள்ளிகள் எப்படி ஓடின

இவ்வளவு பள்ளிகள் ஏற்கனவே இருந்த மாவட்டத்தில் ஒருவர் சில ஆண்டுகளில் 37 பள்ளி தொடங்க ஒரே ஒரு வழிதான் நடைமுறையில் சாத்தியம். கட்டடம் கட்டி, ஆள் வரவழைத்துத் தொடங்குவது அல்ல. ஊரில் இருக்கிற அண்ணாவியையோ, படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவரையோ பிடித்து, மாதச் சம்பளம் பேசி, மிஷன் பாடத்தையும் சேர்த்து நடத்தச் சொல்வது. யாழ்ப்பாண ஊர்ப் பள்ளிகளில் கைகண்ட முறை இது. பதினாறு பிள்ளைகளின் வாவுக்காசை நம்பிப் பிழைத்தவருக்கு நிலையான மாதச் சம்பளம் பெரிய ஈர்ப்பு. பெற்றோருக்கும் இலவசம். பள்ளி விரைவாகத் திறந்துவிடும்.

விரைவாகத் திறந்த அதே காரணத்தால் அது விரைவாகக் கெடவும் செய்யும். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலாவது, பார்வையிடும் கணக்கு. ஒரு நாளைக்கு இரண்டு பள்ளி, வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்தால் வாரத்துக்குப் பத்து. 37 பள்ளியை ஒரு சுற்று முடிக்க நான்கு வாரம் ஆகும். நடுவில் வாவு விடுமுறை, மழை, காய்ச்சல், மற்ற நிலைய வேலை. ஆக, எந்தப் பள்ளியும் மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அவர் கண்ணில் பட்டிருக்க முடியாது. ஊர்ப் பள்ளியில் குதிரையின் குளம்படி கேட்டதும் எல்லாம் ஒழுங்காகிவிடும். மீதி இருபத்தொன்பது நாள் என்ன நடந்தது என்பது அண்ணாவிக்கும் சட்டாம்பிள்ளைக்கும் மட்டுமே தெரியும்.

இரண்டாவது, சம்பளத்தை எதோடு கட்டுவது. தலைக்கு இவ்வளவு என்று கட்டினால், சோதனை நாளில் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள். வாசிப்புத் தேர்ச்சியோடு கட்டினால், குறிப்பிட்ட பத்துப் பக்கத்தைப் பிள்ளை நெட்டுருப் போட்டு ஒப்பிக்கும். ஏட்டைத் தலைகீழாகக் கொடுத்தாலும் வாசிக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பழகாத பகுதியைப் புரட்டி நடுவரியிலிருந்து வாசிக்கச் சொல்வதும் பொருள் கேட்பதும். பூவர் அளவுக்குத் தமிழ் தெரிந்தவரால் அது முடியும். இளைய மிஷனரிகளால் முடியாது. இந்த முறையின் தரம் ஒரு மனிதரின் மொழித்திறனில் தொங்கியது என்று நாங்கள் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

மூன்றாவது, பாடம். அண்ணாவி தன் எண்சுவடியையும் நிகண்டையும் மனமார நடத்துவார். மிஷன் தந்த வினாவிடையைக் கடமைக்கு ஒப்பிக்கச் செய்வார். பெற்றோரும் முதலாவதற்காகத்தான் அனுப்பினார்கள். இரண்டாவது தங்கள் பிள்ளையை மாற்றிவிடுமோ என்று அஞ்சினார்கள். ஊரில் யாராவது ஞானஸ்நானம் பெற்றால் மறுநாள் பள்ளி காலி. பிறகு இரண்டு மூன்று மாதத்தில் பிள்ளைகள் மெல்லத் திரும்புவார்கள். மீனாட்சியம்மன் கோயில் மணியோசை எட்டும் தூரத்தில் இந்த அச்சம் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். சமயக் கல்வி தருவதற்கென்றே வந்த மனிதர், அந்தச் சமயத்தை நம்பாத ஆசிரியரைக் கொண்டு அதைக் கற்பித்தார். இந்த ஏற்பாட்டின் ஆழமான முரண் அதுதான். பூவர் அதை அறியாதவர் அல்ல. வேறு ஆள் இல்லாததால்தான் அதோடு வாழ்ந்தார்.

நான்காவது, யாழ்ப்பாணத்து உதவியாளர்கள். செமினரியில் நன்றாகப் பயின்ற இளைஞர்கள். ஆனால் சிலரே. மதுரைக் கிராமத்தில் அவர்களின் பேச்சே வேறு, உறவும் சாதிப் பின்னலும் வேறு. உள்ளூர் அண்ணாவிக்கு ஊர் கொடுக்கும் இடம் அவர்களுக்கு உடனே கிடைக்காது. அவர்கள் மேற்பார்வைக்கும் உபதேசத்துக்கும் பயன்பட்டிருக்கலாம், 37 திண்ணைகளை நிரப்பப் போதாது.

ஐந்தாவது, பணம். 1837இல் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்தன. அமெரிக்கன் போர்டு எல்லா மிஷன்களுக்கும் தொகையைக் குறைத்தது. யாழ்ப்பாணத்தில் ஊர்ப் பள்ளிகள் பெருந்தொகையாக மூடப்பட்டு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மாதச் சம்பளத்தை மட்டும் நம்பி நிற்கும் பள்ளி, சம்பளம் நின்ற மாதமே நிற்கும். பழைய திண்ணைப் பள்ளிக்கு இந்த ஆபத்து இல்லை, ஏனென்றால் அதன் வருமானம் ஊருக்குள்ளேயே இருந்தது. அண்ணாவியை வாவுக்காசிலிருந்து விடுவித்தபோதே, பள்ளியை ஊரின் பொறுப்பிலிருந்தும் விடுவித்துவிட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் மிஷன் முறை, தான் மாற்ற வந்த முறையைவிட வலுவிழந்தது.

பூவர் போன பிறகு

1841இல் பூவர் தெல்லிப்பழைக்குத் திரும்பினார். மதுரையில் இருந்தவர்கள் படிப்பினையைச் சரியாகவே எடுத்துக்கொண்டார்கள் என்பது எங்கள் கணிப்பு. அடுத்த ஆண்டே டிரேசி திருமங்கலத்தில் விடுதிப் பள்ளி தொடங்கினார். 1845இல் அது மதுரைக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் நடுவே உள்ள பசுமலைக்கு மாறிச் செமினரியானது. வட்டுக்கோட்டையின் மேல்படி இங்கே பத்தாண்டு தாமதித்து வந்தது. அந்தப் பத்தாண்டுதான் 37 பள்ளிகளுக்குக் கிடைக்காமல் போனது.

பசுமலையும் நேராக வளரவில்லை. 1847இல் மதுரை மிஷன், சபையில் சாதி வேறுபாட்டை விடவேண்டும், சேர்ந்து உண்ணவேண்டும் என்று கண்டிப்புக் காட்டியது. உபதேசியார்களும் சபையாரும் பலர் இதை ஏற்காமல் விலகினார்கள் அல்லது விலக்கப்பட்டார்கள். யாழ்ப்பாணம் தொடக்கத்தில் தனிச் சமையற்கூடம் வைத்துத் தள்ளிப்போட்ட கேள்வியை மதுரை ஒரே ஆண்டில் முகத்துக்கு நேராகக் கேட்டது. கொள்கையில் மதுரை செய்தது சரி என்றே கருதுகிறோம். அதற்குக் கொடுத்த விலை, பயிற்சி பெற்ற ஆட்களை மிகத் தேவையான நேரத்தில் இழந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் இந்தப் பள்ளிகளில் கிடைத்த இடம் அந்தக் கண்டிப்பு இல்லாமல் கிடைத்திருக்காது.

1855இல் அமெரிக்கன் போர்டின் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்தார். அவர் கொள்கை தெளிவானது: மிஷன் பணம் சபையை வளர்க்க, ஆங்கிலம் படித்து அரசு வேலைக்குப் போகிறவர்களை உருவாக்க அல்ல. மதுரையில் ஆங்கிலக் கல்வி ஒதுக்கப்பட்டு, பசுமலை தமிழ்வழி ஊழியர் பயிற்சிக்குச் சுருங்கியது. வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. அந்த ஆண்டு பிப்ரவரி 3 அன்றே பூவர் மானிப்பாயில் காலராவில் இறந்துவிட்டார். தான் கட்டிய செமினரியின் கதவு அடைபட்டதைப் பார்க்க அவர் இல்லை. பழைய மாணவர்களின் வற்புறுத்தலில் அதே வளவில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

மதுரையில் திருப்பம் வந்தது ஜார்ஜ் வாஷ்பர்ன் காலத்தில். 1870இல் பசுமலைப் பொறுப்பேற்ற அவர் முப்பதாண்டு போல அங்கே இருந்தார். அரசின் கல்விக் கொள்கையை வகுத்த 1854 உட் அறிக்கைக்குப் பின் அரசு மானியம் கிடைத்தது. மானியம் வேண்டுமானால் பயிற்சி பெற்ற ஆசிரியர், அரசு பாடத்திட்டம், ஆய்வாளர் பார்வை மூன்றும் வேண்டும். பூவர் குதிரையில் தனியாகச் செய்த மேற்பார்வையை இப்போது அரசு ஆய்வாளர் பங்கிட்டுக்கொண்டார். பசுமலையில் ஆசிரியர் பயிற்சி வலுத்தது. 1881இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இரண்டாம் நிலைக் கல்லூரியானது, அதாவது பட்டத்துக்கு முந்தைய படிப்பு வரை தரும் கல்லூரி. 1904இல் மிஷனரி சம்ப்ரோ அதை மதுரை நகருக்குக் கொண்டுவந்தார். 1909இல் தல்லாகுளம்.

பள்ளி வரலாறு தொகுப்போருக்கு

மதுரை, திண்டுக்கல், இராமநாதபுரம் பக்கத்துப் பள்ளிகளின் வரலாறு எழுதுகிறவர்கள் மிஷன் ஆண்டறிக்கைகளை நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. அவற்றில் பள்ளி எண்ணிக்கையைக் கையாளும்போது மூன்றைத் தனித்தனியே குறிக்கவேண்டும்: மிஷன் சம்பளம் தந்த இந்து ஆசிரியர் நடத்திய ஊர்ப் பள்ளி, கிறிஸ்தவ ஆசிரியர் நடத்திய சபைப் பள்ளி, நிலைய விடுதிப் பள்ளி. மூன்றையும் ஒரே தலைப்பில் கூட்டினால் 1837இல் பள்ளிகள் திடீரென அழிந்ததாகவும் 1870க்குப் பின் திடீரென முளைத்ததாகவும் தோன்றும். உண்மையில் முதல் வகை தேய்ந்து, இரண்டாம் வகை மெதுவாக ஏறியது. முதல் வகைப் பள்ளியில் பலதும் மிஷன் சம்பளம் நின்றதும் மூடியிருக்கத் தேவையில்லை. அண்ணாவி பழையபடி வாவுக்காசுக்குத் திரும்பியிருப்பார், பிள்ளைகள் அதே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். அறிக்கையிலிருந்து மட்டும்தான் பள்ளி மறைந்திருக்கும்.

ஊர்ப் பெயர்களையும் இன்றைய மாவட்ட எல்லையோடு ஒப்பிடக்கூடாது. அன்றைய மதுரை மாவட்டத்துக்குள் திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் எல்லாம் அடக்கம். 844 என்ற கணக்கும் அந்த அகன்ற மாவட்டத்துக்கே உரியது.

நிறுவனர் என்ற கட்டத்தில் பூவர் பெயரை எங்கே எழுதலாம்? அமெரிக்கன் கல்லூரிக்கு எழுதக்கூடாது. அங்கே டிரேசி, வாஷ்பர்ன், சம்ப்ரோ என்று மூன்று பெயர்கள் வரிசையாக வரவேண்டும். தெல்லிப்பழை யூனியன் கல்லூரிக்குத் தயங்காமல் எழுதலாம். வட்டுக்கோட்டைச் செமினரிக்கு முதல் முதல்வர் என்று எழுத வேண்டும். மதுரை மாவட்டப் பள்ளிகளுக்கு, 1836க்கும் 1841க்கும் இடையில் திறந்தவையாக ஆவணத்தில் ஊர்ப் பெயர் கிடைத்தால் மட்டும் அவர் பெயரைச் சேர்க்கலாம். அதுவும் நிறுவனர் என்று அல்ல, சம்பளம் ஏற்பாடு செய்து மேற்பார்த்தவர் என்று. அந்தப் பள்ளியை நடத்திய அண்ணாவியின் பெயர் எங்காவது ஒரு வரியில் அகப்பட்டால் அதை அவர் பெயருக்கு முன்னால் எழுதுங்கள்.